பரணில் இருந்த சாஸ்திரிகள் மூட்டை

பம்பாய்,
12-8-1971

அன்பு சைத்தூனுக்கு,

ஸலாம். நான் நலம். உன் மூட்டுவலியும் நம் பிள்ளை மூஸாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

உன் கடிதம் கிடைத்தது. பரணில் கிடந்த காகித மூட்டையைக் கரையான் அரித்துவிட்டது, எழுத்துள்ள தாளைக் குப்பையில் போட மனம் வரவில்லை, கிழிந்த குர்ஆன் தாள்களை விடுவதுபோல ஆற்றில் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மரியாதையாகத்தான் செய்திருக்கிறாய். உன்மேல் கோபமில்லை.

குத்தகைத் தகராறில் நிலம் போய், நமக்கு வீட்டையும் விற்றுவிட்டு வந்த பஞ்சாபகேச சாஸ்திரிகள் இங்கே மாதுங்காவில் மகன் வீட்டில் படுத்திருக்கிறார். ஆயுசு முழுக்கச் சமஸ்கிருதத்தில் எழுதியதெல்லாம் அந்த மூட்டையில்தான் இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துப் பார்க்கப் போனேன்.

"ஜெக்கரியா, ஆத்துல தண்ணி வந்துடுத்தா? என் மூட்டை பத்திரமா இருக்கோன்னோ?"

"தண்ணி வந்துடுச்சுங்க. மூட்டையும் பத்திரமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் என்னிடம் நம் ஆற்றைப் பற்றிக் கேட்க அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

"அப்போ ஒரே ஒரு தாள் வரவழைச்சுக் கொடு" என்றார்.

பரணை ஒருமுறை துழாவிப் பார். துண்டுத் தாள் கிடைத்தாலும் ஊறுகாயோடு, இங்கே திரும்பி வரும் காதர் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. ஒன்றுமே இல்லாவிட்டால், மூஸாவின் பழைய நோட்டில் அழுத்தி எழுதிய தாள் ஒன்றைக் கிழித்துப் பரணில் போட்டுவை. அந்த வாசனை ஏறியதும் அனுப்பு.

கடை திறக்க நேரமாகிவிட்டது. அவருக்குக் கண் போய்விட்டது, சைத்தூன். விரலால் தடவி, முகர்ந்துதான் பார்ப்பார்.

ஜெக்கரியா