டிவிக்காரியின் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

இந்த வெள்ளைக்கார ஊர் முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட டீச்சரம்மாவுக்கு ஒரு டிவி சிரிப்புத் தொடர் என்றால் உயிர். அதில் ஆசியாவிலிருந்து வந்த வேலைக்காரி ஒருத்தி வருவாள். எதற்கெடுத்தாலும் தலையாட்டிக் குழைவாள், இந்த ஊர்ப் பேச்சைத் தத்துப்பித்தென்று உளறுவாள். முதல் நாளே டீச்சரம்மா என்னைப் பார்த்து, "அட, நீ அவதானே! அவள மாதிரி பேசு, சாப்பிடறேன்" என்றார். பேசினேன். கிண்ணம் காலியானது. அன்றிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான். மகள் நடிகையாகிவிட்டாள், சிரியுங்கள்.

போன வாரம் அவருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது கோமாளித்தனம் செய்ய மனம் வரவில்லை. "பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று என் குரலிலேயே சொன்னேன். கையை உதறிவிட்டார்.

"நீ யாரு? அந்தப் பொண்ணக் கூப்பிடு. அவளுக்குத்தான் என்மேல பிரியம்."

தலையாட்டிக் குழைந்தேன். "வந்துட்டியா?" என்று சிரித்தார். அதோடு கண்ணை மூடிவிட்டார்.

கவலைப்பட ஒன்றுமில்லை, அப்பா. தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், போனில் நலம் விசாரித்துவிட்டு உடனே வைத்துவிடாதீர்கள். எதற்காவது என்னைத் திட்டுங்கள். பழையபடி எதிர்த்துப் பேசுகிறேனா, இல்லை குழைகிறேனா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உங்கள் வாயாடி