பாஸ்குக்கு ஆட்டுத்தொடை அறுப்பது

ஏப்ரல் 10, 1933. திங்கள்
காலையிலேயே புழுக்கம். பெரிய மார்க்கெட்டில் சாணைக்கல் வாங்கினேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. பாஸ்கு ஞாயிறு, சாமி உயிர்த்த திருநாளுக்கு, மகளும் மருமகனும் வருகிறார்கள். கூடவே காரைக்கால் சம்பந்தி. கிறிஸ்துமஸ் விருந்தில் என் கத்தியைப் பார்த்து அவர் கேட்டது: "கறிய அறுக்குறீங்களா சம்பந்தி, தடவிக் குடுக்குறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அதுதான் பொறுக்கவில்லை. இந்தத் தடவை முழுத் தொடையை மேசையில் வைத்து, வெற்றிலை கனத்துக்கு நானே அறுக்கப் போகிறேன்.

11, செவ்வாய்
ஆபீஸ் விட்டதும் தீட்டல். எண்ணெயா, தண்ணீரா? இரண்டும் விட்டேன். கல் வழுக்கி ஓடியது. கூர் பார்க்க இடது கை மயிரை மழித்தேன். பிரமாதம். கை சும்மா இருக்கவில்லை. சின்னக் கத்தி, அரிவாள்மனை, பாக்குவெட்டி, எல்லாம் முடிந்தது. மனைவி அருள்: "அந்தக் கல்லு எப்போ தேயும்?"

12, புதன்
முருங்கைக்காய் நறுக்கும்போது அருளுக்குக் கட்டைவிரலில் வெட்டு. "இருபது வருஷமா அழுத்தி அறுத்துப் பழகின கையி. சொல்லாம கொள்ளாம தீட்டி வச்சா?" மஞ்சள் வைத்துக் கட்டினேன். கத்தி மேல் குற்றமில்லை என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இரவு கஞ்சி, ஊறுகாய்.
ஆபீஸில் பெரிய முசே, எங்கள் பிரெஞ்சு துரை, என் மொட்டைக் கையைப் பார்த்துச் சொறியா என்று கேட்டார்.

13, பெரிய வியாழன்
பூசைக்குப் பிறகு கோயில் மணி ஓய்ந்தது. அருளும். இரண்டும் இனிச் சனிக்கிழமைதான் வாய் திறக்கும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சவரிமுத்து: "கல்லு மட்டும் பத்தாது அண்ணே, தோல்ல தேய்க்கணும்." வீட்டில் உள்ள தோல்: செருப்பு, என் இடுப்பு வார். வாரைச் சன்னல் கம்பியில் மாட்டியாயிற்று.

14, பெரிய வெள்ளி
உபவாசம். நல்ல வெயில். அருள் ஒரு நாள் முன்னதாகவே பேசிவிட்டாள். "சாமி செத்துக் கெடக்காரு. நீங்க கத்தி தீட்டுறீங்க."
கல்லில் இல்லை, தோலில்தானே என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வார் இரண்டு துண்டு.
"தீட்டின மரத்துலயே கூர் பாத்தாச்சா?"
சிலுவைப்பாதைக்குக் கால்சட்டையைப் பிடித்தபடியே போனேன். ஸ்தலத்துக்கு ஸ்தலம் முழங்கால் போட வேண்டும். கும்பிட ஒரு கை, பிடிக்க ஒரு கை. பின்னால் ஒரு கிழவர்: "பாவம், வயித்து வலியோட வந்திருக்காரு. பக்தின்னா அது."

15, சனி
மணி அடித்தது. வாங்கியவை: தொடை, ரொட்டி, மெழுகுவத்தி, புது வார். தொடையை அருளிடம் கொடுத்ததோடு சரி, அடுப்படிப் பக்கம் என்னை விடவில்லை. மதியத்திலிருந்து அடுப்பு அணையவே இல்லை. ஒரு தொடைக்கு இவ்வளவு விறகா? கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இடது கையில் மயிர் தீர்ந்துவிட்டதால் வலது கையில் கூர் பார்த்தேன்.

16, பாஸ்கு
மேசை நடுவில் தொடை. எல்லோர் கண்ணும் என் மேல். கத்தியை வைத்தேன். அவ்வளவுதான், கறி முழுவதும் எலும்பை விட்டுச் சரிந்து தட்டில் விழுந்தது. அறுக்க ஒன்றுமில்லை. அருளை முறைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சம்பந்திக்குக் கரண்டியால் அள்ளி வைத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்.
பிறகு என் காதோடு: "பொங்கலுக்கு அப்புறம் பல்லு அத்தனையும் புடுங்கியாச்சு சம்பந்தி. அன்னையிலேருந்து கஞ்சிதான். இங்க வந்து எப்படிச் சாப்புடுறதுன்னு பயந்துகிட்டேதான் வந்தேன்."
மகள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கு யார் சொல்வது? நான்தான் ஒரு வாரமாகக் கத்தியைத் தவிர வேறெதையும் கேட்கவில்லையே. வெற்றிலை கனத்துக்கு அறுத்து வைத்திருந்தால், மனிதர் மருமகள் முன்னால் மென்று துப்பியிருப்பார். வெட்கமாக இருந்தது. அருளைக் கும்பிடலாம் போலவும் இருந்தது.
"ஆமா, அந்தக் கத்தி எதுக்கு கையில?" என்றார் சம்பந்தி.
"தர்ப்பூசணி அறுக்க."
வீட்டில் தர்ப்பூசணி இல்லை.