அப்பாவுக்கு அந்த ஊசி வேண்டாம்

வியாழன், இரவு

இன்று பெங்களூர் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நடுக்கவாதம் வந்த எலிகளின் மூளையில் நாங்கள் வைக்கும் புது செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே செத்துவிடும். இந்த முறை ஒரு ஜெல்லில் பொதிந்து வைத்தோம். முன்பைவிட நிறையப் பிழைத்திருந்தன. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அண்ணன், அப்பாவைக் கெலமங்கலத்திலிருந்து கூட்டி வந்து உட்கார வைத்திருந்தான். அப்பாவுக்கும் அதே நடுக்கவாதம்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பெங்களூர்ல ஒரு கிளினிக்ல செல் ஊசி போடறாங்களாம். நீ சரின்னா நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றான் அண்ணன்.

"வேணாம்ணா. அவங்க எதைப் போடறாங்க, அது உள்ள போய்ப் பொழைக்குதான்னு யாருக்கும் தெரியாது. எங்களுதே இன்னும் எலியைத் தாண்டல."

"எலிக்குப் பண்றத அப்பாவுக்குப் பண்ண மாட்டியா?"

அப்பாதான் பேசினார். "அவ வேணாம்னா வேணாம்டா. வண்டிய எடு."

வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. நான் குனிந்து மாட்டிவிட்டேன். என் தலையில் கை வைத்தார். அந்தக் கை ஆடியது இன்னும் உச்சியில் இருக்கிறது.

நான் சொன்னது சரிதான். அந்த ஊசியால் இருப்பதும் கெட்டுப்போகலாம். ஆனால், உங்களுடைய மருந்து எப்போது வரும் என்றாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவே இல்லை.