கிளட்ச் பிளேட்டில் குங்குமம்

ஆவணி 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் போல இருந்து வரவில்லை. மெக்கானிக் பஷீர் பாய் ஏழு மணிக்கே வந்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ராகு காலம் தொடங்குவதற்குள் ஒரு போல்ட்டாவது கழற்ற வேண்டுமாம். உங்களுக்கு எதற்கு ராகு காலம் என்றேன். “அண்ணன் பாப்பாரு அண்ணி, அதான்.” என் வீட்டுக்காரர் போய் நான்கு மாதம் ஆகிறது. இன்னும் எல்லோருக்கும் அண்ணன் பார்ப்பார், அண்ணன் கேட்பார்.

அம்பாசிடரை வாசலில் வைத்தே பிரிக்கிறோம். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் மரக்கட்டைகள். கிளட்ச் போய்விட்டது. கியர்பாக்ஸிலும் பல் உடைந்திருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும். ஷெட்டுக்கு அனுப்பு என்றார்கள். அனுப்ப மாட்டேன். இந்தத் தெருவை விட்டுப் போனால் திரும்பாது.

மூத்தார் கருமாதிப் பந்தியிலேயே ஆரம்பித்தார். தம்பி செத்த பதினாறாம் நாள், வாயில் வடையோடு. “முசரவாக்கத்துல நம்ம எடத்துல நிறுத்திக்கலாம்மா, இங்க துருப்புடிச்சிப் பூடும்.” அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி மட்டும் வேண்டும். போன வாரம் சொந்தக்காரர்கள் முன்னால் பேசி முடித்தது இது: வரும் ஞாயிறு முகூர்த்தத்துக்குள் வண்டி ஓடினால் என்னிடமே இருக்கட்டும், டிரைவர் போட்டு வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் அவர் கயிறு கட்டி இழுத்துப்போவார். நான் தென்னேரியில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மருமகன் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

முன் சீட்டுக்கு அடியில் இருந்தவை: வேர்க்கடலைத் தோல், பிரசாதப் பொட்டலம் (புழு), பால் புட்டி மூடி, ஒற்றைக் கொலுசு, செத்த பல்லி. ஊரெல்லாம் ஏறி இறங்கிய வண்டி. பெருக்கித் தள்ளினேன்.

மாலையில் பாய் கியர் ஆயிலை இறக்கினார். சட்டி வைத்தும் பாதி தரையில். அழுகின முட்டை நாற்றம். சோற்றில் கை வைத்தால் அந்த நாற்றம். ரசத்தைக் கொட்டிவிட்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

விடியும்போதே சண்டை. எதிர் வீட்டு சரோஜா. இது தறிக்காரர்கள் தெரு. பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் தெரு வண்டிக்கு இல்லை, பாவுக்கு. பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்தால்தான் அவர்களுக்குத் தறி ஓடும். என் வண்டியோ நடுவில் கால் பரப்பிக்கொண்டு நிற்கிறது.

“இன்னாம்மா இது, பாட மாதிரி போட்டு வெச்சிக்கினு? நாங்க நூல உன் தலமேலயா போடறது?”

பாடை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உடனே குரல் மாறிவிட்டது. “நீ இன்னா பண்ணுவ, பாவம்.” பாவம் என்கிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதை முழுதாகத் திட்டிவிட்டுப் போகலாம்.

அவள் புருஷன் கோதண்டம் பேசாத ஆள். வெளுத்த வேட்டிகளைக் கொண்டுவந்து வண்டி முழுக்கப் போர்த்தினார். நூலில் அழுக்குப் படாமல் இருக்க. அதன் மேலேயே பாவை ஏற்றி நீட்டினார்கள். அரக்கு நிறம். வேட்டி போர்த்திக் கிடந்த வண்டியைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாவு எடுத்த பிறகு கியர்பாக்ஸ் இறங்கியது. பாய் மார்பில் ஏந்தி, ஒரு பன்றிக்குட்டியைக் கட்டிப்பிடித்தவர் போல ஊர்ந்து வெளியே வந்தார். பிறகு பழைய கிளட்ச் பிளேட். கரிக்கட்டை. தேய்ந்து ஆணி வெளியே தெரிந்தது.

“எதனால இப்படி?”

பாய் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி கேட்டேன்.

“அண்ணனுக்கு எடது கால் மரத்துப் பூட்ச்சு அண்ணி. சக்கர வியாதி. பெடல் மேல கால் இருக்குதா இல்லியான்னே அவருக்குத் தெரியாது. எப்பவும் அமுத்திக்கினே ஓட்டுவாரு. அதான் எரிஞ்சிப் பூட்ச்சு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னாரு. ஒரு வருசம் இருக்கும். வூட்ல சொல்லாத பாய், வண்டிய வித்துடச் சொல்லுவா அப்டீன்னாரு.”

ஒரு வருஷம். குளிருது என்று சித்திரை வெயிலில் காலுறை போட்டுக்கொண்டு படுத்த மனுஷன். நானும் சரி என்று போர்வையை இழுத்துவிட்டேன். மெக்கானிக்குத் தெரிந்த கால் எனக்குத் தெரியவில்லை. பாய்க்கு இன்று டீ கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆவணி 11, புதன்

மழை. பாய் விடியற்காலை பஸ்ஸில் புதுப்பேட்டை போனார், பழைய வண்டிகளை உடைக்கும் கடைகளில் கியர்பாக்ஸ் தேட. வண்டி வயிறு கிழிந்து கிடக்கிறது. அடியில் மழைத்தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து மயில் நிறத்தில் குட்டை. தெரு நாய் ஒன்று அதில் புரண்டுவிட்டு என் வீட்டுப் படியில் வந்து உதறியது. சுவர் எல்லாம் புள்ளி.

என் வீட்டுக்காரரின் சித்தி மகள் வந்தாள், துக்கம் கேட்க. நான்கு மாதம் கழித்து. வந்த பஸ் பற்றி, அவள் மூட்டு வலி பற்றி. போகும்போது, “ஒண்டியா எதுக்கு வண்டி கிண்டின்னு? பெரியவருகிட்ட குட்த்துட்டு நிம்மதியா இரேன்.” மூத்தார் அனுப்பியவள். இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்தாள், இரண்டும் கன்றிப்போனவை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு பாய் வந்தார், தோளில் சாக்கு. பஸ்ஸில் ஒரே ரகளையாம். சாக்கிலிருந்து ஆயில் கசிந்து ஒரு பூக்காரியின் கூடை வரை ஓடிவிட்டதாம்.

“கண்டக்டர் கேக்கறான், இன்னாய்யா மூட்டைல, ரத்தமாட்டம் வருதேன்னு. கியர்பாக்ஸுன்னேன். அதுக்கு டிக்கெட் எடுன்னான். அது ஒக்காரலியே, நின்னுக்கினுதான வருதுன்னேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்றைய கோபம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். டீ கொடுத்தேன்.

ஆவணி 12, வியாழன்

வெயில். வாங்கிவந்த கியர்பாக்ஸைப் பாய் திறந்து மண்ணெண்ணெயில் கழுவினார். உள்ளே களி போல் கறுப்பு. என் பழைய பல் துலக்கும் பிரஷ் போயிற்று. பற்கள் நன்றாக இருக்கின்றனவாம். புது கிளட்ச் பிளேட்டும் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. புதிதாகவும் சுத்தமாகவும் இந்த வாரம் பார்த்த ஒரே பொருள். கையில் வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருந்தேன்.

மாலை பாய் தொழுகைக்குப் போன நேரம் மூத்தார் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தார். பிளேட்டைப் பார்த்ததும் பக்தி வந்துவிட்டது.

“புது சாமானுக்கு ஒரு பொட்டுகூட வெக்கலியாம்மா? அத இப்படிக் குடு. நீ வெக்கக் கூடாது, தள்ளிக்கோ.”

தள்ளிக்கொண்டேன். பொட்டு வைக்க என் கை ஆகாது. ராத்திரி பகலாக இதற்குக் காவல் இருக்க மட்டும் ஆகும். விபூதிப் பட்டை போட்டார். குங்குமம் ஒட்டாமல் உதிர்ந்தது. காமாட்சி விளக்கிலிருந்து நல்லெண்ணெயை விரலால் வழித்து, குங்குமத்தைக் குழைத்து, இரண்டு பக்கமும் பெரிது பெரிதாக வைத்தார். தம்பி படத்தின் முன்னால் பிளேட்டைக் காட்டி அழுதார். உண்மையான அழுகைதான். மூக்கைச் சிந்தி என் கதவு நிலையில் துடைத்தார். மனதார அழுகிற ஆளை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கதவு நிலையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

ஆவணி 13, வெள்ளி

காலையில் பாவு எடுத்ததும் பாய் பிளேட்டை மாட்டினார். பிறகு கியர்பாக்ஸ். ஏற்றுவது இறக்குவதைவிடக் கஷ்டம். தாம்புக்கயிறு கட்டி மேலிருந்து நான் இழுக்க, அடியிலிருந்து அவர் தள்ள. உள்ளங்கை தோல் உரிந்தது. மதியம் தொழுகைக்குப் போய்வந்து மீதி போல்ட். நான்கு மணிக்கு டிரைவர் குமார் வந்தான். இனி இவன்தான் ஓட்டப் போகிறான். முப்பது வயது இருக்கும், ஓயாமல் சீப்பு.

ஸ்டார்ட் ஆயிற்று. தெருவே வந்து நின்றது. முதல் கியர் போட்டான். வண்டி உறுமுகிறது, நகரவில்லை. இன்னும் அழுத்தினான். உறுமல்தான். நிறை மாத எருமை போல ஓர் அடி அசைந்து நின்றது. அடியில் புகை. எண்ணெய் கருகும் வாசனை. தீபாவளிக்குத் தலை முழுகும்போது வரும் அதே நல்லெண்ணெய் வாசனை.

பாய் முகத்தில் ஈ ஆடவில்லை. “நிறுத்துப்பா, நிறுத்து.” என் பக்கம் திரும்பி, “அந்தப் பொட்டு தூள்தான அண்ணி? எண்ணெய் கிண்ணெய் தொட்டாங்களா?”

விளக்கில் இருந்த நல்லெண்ணெய் என்றேன். தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளட்ச் பிளேட்டில் சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிக்காதாம், வழுக்குமாம்.

“பொட்ட பாத்தப்ப துடைக்கலியா?”

“எப்படித் தொடைக்கறது அண்ணி? சாமிப் பொட்டு. நான் கை வெச்சி அழிச்சா பெரியவரு இன்னா நெனப்பாரு, தெரு இன்னா நெனக்கும்? குங்குமம் காஞ்சி உதிர்ந்துடும்னு அப்படியே மாட்டிட்டேன்.”

வைத்தவருக்கு வண்டி தெரியாது. வண்டி தெரிந்தவர் அழிக்கத் தயங்கினார். நான் தொடக் கூடாதவள். மூன்று பேருமாகச் சேர்ந்து கவிழ்த்தோம். மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும். இடையில் ஒரே நாள். சாப்பிடவில்லை.

ஆவணி 14, சனி

யாரிடம் கேள்விப்பட்டாரோ, விடிந்ததும் மூத்தார் வந்துவிட்டார். நாற்காலி கேட்டு வாங்கி நிழலில் போட்டுக்கொண்டார். பாய் வண்டிக்கு அடியில். கியர்பாக்ஸ் பாதி இறங்கியிருந்தது. எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன்.

“சாமிப் பொட்டால வண்டி நின்னுதுன்னு எவனாவது சொல்லுவானா? தொட்ட கை அப்படி. கண்டவங்கள வூட்டாண்ட சேத்துக்கினா இப்படித்தான்.”

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

இத்தனை வருஷம் அவர் எதிரில் நிமிர்ந்து பேசியதில்லை.

“மாமா, எண்ணெய் உங்க வெரல்ல இருந்து போச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். பாய் அத அழிக்காம வுட்டது உங்க மரியாதைக்கு. நாற்காலிய குடுங்க, அவரு வெளிய வந்தா ஒக்காரணும்.”

எழுந்தார். “நாளைக்கு வரேன்” என்றார். போகும்போது துண்டை உதறிய உதறலில் என் மேல் தூசி.

பாய் பிளேட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, பற்றவைத்து, எண்ணெய் எரிந்ததும் உப்புக்காகிதத்தால் சுரண்டினார். இரண்டு தடவை. “புடிக்கும் அண்ணி, புடிக்கணும்.” காய்ந்ததும் நான்தான் வாங்கிச் சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏற்றும்போது கியர்பாக்ஸ் பாய் கையிலிருந்து நழுவி மறுபடி மார்பில் இறங்கியது. ஒரு வாரம் படுத்தே வேலை செய்த உடம்பு. என் கையிலும் பிடி இல்லை. அப்போது கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். என் மேல் பாசம் ஒன்றும் இல்லை. தெரு காலியாக வேண்டும். சரோஜா வாசலில் நின்று தறியில் ஆளை அதட்டுகிற மாதிரி அதட்டினாள்.

“தூக்குய்யா. கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து இந்த ஆளு ஒரு குடம் தண்ணி தூக்கனதில்ல, இப்ப கியர்பாக்ஸ் தூக்குது.”

கோதண்டம் அடியிலிருந்து, “வாய மூடு, ஆயில் வாய்ல வுழுது.” இந்த வாரத்தில் அவர் பேசி நான் கேட்டது இதுதான். பொருந்தி உட்கார்ந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். எல்லோரும் கேட்டோம்.

ஆவணி 15, ஞாயிறு

தெளிந்த வானம். எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று சரோஜா கேட்டாள். பாய் இரண்டு கையும் கூப்பிவிட்டார். “இன்னிக்கு ஒண்ணும் வேணாம் தாயே, சும்மா வுடுங்க.”

ஓடியது. குமார் முதல் கியரில் எடுத்தான், இரண்டாவது விழுந்தது, தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. பாய் பின்னாலேயே ஓடினார். வாலாஜாபாத் ரோடு வரை போய்த் திரும்பினார்களாம். தெருவில் வண்டி நின்ற இடத்தில் கறுப்புக் கறை.

ஒன்பதுக்கு மூத்தார் ஒரு ஜீப்பில் வந்தார். பின்னால் புதுக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. வண்டி எதிரே தானாக வந்து நின்றது. இறங்கி, சுற்றிப் பார்த்து, டயரை ஒரு உதை. “சரி, ஓடுதில்ல. வெச்சிக்கோ.” சொன்ன சொல் மாறவில்லை, அதையும் எழுத வேண்டும். காபி கேட்டார். சர்க்கரை பத்தவில்லை என்றார். பாய் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனார், எறும்பு மொய்த்தது.

பத்தரை முகூர்த்தத்துக்கு ஆள் ஏற்றிப்போக வேண்டும். குமார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான், உட்காராமல்.

“அக்கா, தப்பா நெனக்காத. உள்ள நாத்தம் அடிக்குது. கல்யாணப் பார்ட்டி, பட்டுப் பொடவ கட்டிக்கினு வருவாங்க. ஏற மாட்டாங்க.”

ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆயில் நாற்றம் என்றேன். “ஆயில் இல்லக்கா” என்றான்.

உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். வெற்றிலை. அவர் தலையில் தேய்த்த எண்ணெய். வியர்வை. நான்கு மாதமாகக் கண்ணாடி ஏற்றிப் பூட்டி வைத்திருந்தேன், துருப்பிடிக்காமல் இருக்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு.

நேரம் இல்லை. சோப்புத் தூள், தேங்காய் நார், வாளி. சீட்டு முதுகு பட்ட இடம், தலை சாய்ந்த இடம், ஸ்டியரிங், கதவுக் கைப்பிடி, எல்லாம் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர். மறுபடி. அப்போதும் கறுப்பு. குமார் ஊதுபத்தி வாங்கக் கடைக்கு ஓடினான். வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அடைத்துக்கொண்டு போகாமல் நின்றது, நுரையோடு. துடைப்பத்தால் தள்ளினேன். போகிறவரை தள்ளினேன்.