தட்டிய சுவர்

நமுனுகுல
2025 மார்ச் 4

அன்புள்ள தர்மிளா மிஸ்ஸுக்கு,

நான் சொல்லச் சொல்ல கடைக்காரர் முன்ஸிப் எழுதுகிறார். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம், பாதி நாள் கரண்டும் இல்லை. அப்போதுதான் நீங்கள் ஆராய்ச்சிக்கென்று வந்து தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்துக் காம்பராக்களை அளந்தீர்கள். எப்படி வீடு வேண்டும் என்று கேட்டீர்கள். என் சம்சாரம் பாக்கியலெட்சுமி அடுப்பை விட்டு எழும்பாமலே சொன்னாள்: "செவுரு கூரை வரைக்கும் போவணும் மிஸ். நான் இவர ஏசுனா பக்கத்துக் காம்பராவுல சிரிக்கக் கூடாது." பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி அதற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தாள்.

நீங்களே படம் வரைந்தீர்கள். தனித்தனி வீடு, முழுச் சுவர். குடிபோனபின் பாக்கியம் என்னை ஆசை தீர ஏசினாள்.

தை மாதம் அவளுக்கு நெஞ்சுவலி மருந்து வாங்கப் பசறைக்குப் போனேன். பஸ் பிந்திவிட்டது. வந்து பார்த்தால் உயிரில்லாமல் சுவரோரம் கிடக்கிறாள். கையில் டம்ளர், விளிம்பு நசுங்கி. சுவரில் பெயின்ட் வட்டம் வட்டமாக உதிர்ந்திருந்தது. லயத்தில் சுவரைத் தட்டினால் விஜயலெட்சுமி பிசைந்த மாவுக் கையோடு ஓடி வருவாள். அந்தப் பழக்கத்தில் தட்டியிருக்கிறாள். அன்றைக்கும் விஜயலெட்சுமி அடுத்த வீட்டில்தான் இருந்தாள்.

உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சிவஞானம்
(கைநாட்டு)

கொழும்பு
2025 மார்ச் 15

மதிப்புக்குரிய ஐயா,

பாக்கியம் அம்மா தந்த ரொட்டியின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

சுவரைத் தட்டி ஆளைக் கூப்பிடுவது பற்றி என் ஆய்வில் எழுதியே இருந்தேன். வீட்டுப் படத்தைக் கீற உட்கார்ந்தபோது, நீங்கள் எல்லோரும் கேட்ட முழுச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். தட்டினால் யாருக்குக் கேட்கும் என்று பார்க்கவில்லை.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் நாற்பது வீடுகள் இதே படத்தில் வரப்போகின்றன. இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டுவோம் என்றேன். கட்டும் அதிகாரிகள் ஆதாரம் கேட்கிறார்கள். உங்கள் சுவரைப் போட்டோ எடுத்து, நடந்ததை அறிக்கையில் போட்டால் மாற்றுவார்கள். அறிக்கையை உங்கள் சனத்துக்கும் கூட்டம் வைத்து வாசிப்போம். வரலாமா ஐயா?

அன்புடன்,
தர்மிளா

நமுனுகுல
2025 மார்ச் 27

தர்மிளா மிஸ்,

கோபிக்க வேண்டாம். வராதீர்கள்.

கருமாதியன்று விஜயலெட்சுமி இலை போட்டுக்கொண்டே கேட்டாள்: "அக்கா என்னையக் கூப்பிட்டுச்சாண்ணே?"

"இல்ல புள்ள. தூக்கத்திலயே போயிருச்சு."

"நெசமாவா?"

"நெசந்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு வாய் சோறு தின்றாள். சுவரில் அவள் தட்டிய தடத்துக்கு மேலே பாக்கியத்தின் சேலையைத் தொங்கவிட்டிருந்தேன். உங்கள் கடிதத்தை முன்ஸிப் வாசித்த அன்றைக்கே பெயின்ட் வாங்கிப் பூசிவிட்டேன். முன்ஸிப் வாய் திறக்கமாட்டார்.

நாற்பது வீட்டையும் நினைக்காமல் இல்லை. அங்கேயும் யாராவது விழுவார்கள், தட்டுவார்கள். அந்தப் பாவம் எனக்கும் உண்டு. உங்கள் படிப்பை வைத்துச் சண்டை போட்டுப் படத்தை மாற்றுங்கள். என் சுவரை வைத்து வேண்டாம்.

முதல் காம்பரா ராக்கம்மா போய்விட்டாள். ரமேஸின் தாய் போய்விட்டாள். தட்டியவளும் போய்விட்டாள். எங்கள் லயத்தில் தட்டுச் சத்தம் கேட்டு எழும்பி வந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவள் விஜயலெட்சுமி ஒருத்திதான்.

சிவஞானம்
(கைநாட்டு)