பங்குப் புத்தகத்தில் எனக்கு எழுதப்பட்ட மகள்

மார்ச் 3, திங்கள்

சிரோக்கோ, ஆபிரிக்க மணற்காற்று. பால்கனி முழுக்கச் சிவப்பு மண். நேற்றுத் தோய்த்த வெள்ளை விரிப்பு இரண்டும் திரும்பத் தோய்க்க வேண்டும்.

நான் மகளை வீட்டை விட்டுக் கலைத்தவள் அல்ல. எனக்கு மகளே இல்லை. பெற்றது ஒன்று, மகன் ஜெரோம். இதை எழுதி வைக்கிறேன். ஏனென்றால் நேற்றுத் தமிழ்ப் பூசை முடிந்து கோவில் படியில் மெற்றில்டாவும் அவளுடைய பாடகர் குழுவும் வேறு விதமாகக் கதைத்தார்கள். எனக்குக் காது கேளாது என்ற நினைப்பு.

"ரீச்சருக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருந்ததாமெல்லே."

"மெய்யே? எங்கை இப்ப?"

"கலைச்சுப் போட்டாவாம். இதை உள்ளுக்கை வைச்சுக்கொண்டோ இந்த நடப்பு நடக்கிறா!"

மெற்றில்டாவின் கையில் வடை. வடை எண்ணெய் ஊறிய விரலால் போனைத் தேய்த்துத் தேய்த்து எல்லாருக்கும் காட்டினாள். தவக்காலத்துக்கு இன்னும் மூன்று நாள். சீ.

காட்டியது இதுதான். இத்தாலிக்கு வந்த புதிதில் நாங்கள் குடியிருந்தது போர்கோ வெக்கியோ, பழைய சந்தைப் பகுதி. அங்கே பங்குச் சுவாமி ஈஸ்டருக்கு முன் வீடு வீடாகத் தீர்த்தம் தெளிக்க வருவார். ஒரு பெரிய புத்தகமும் வரும். வீட்டில் ஆர் ஆர், என்ன வயது, என்ன உறவு, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்ததா என்று கதவு கதவாக எழுதுவார். பங்குக் குடிசன மதிப்பு. அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றையும் போன மாதம் இன்டர்நெட்டில் திறந்து விட்டார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு உதவியாம். செத்தவர்களோடு நிறுத்தியிருக்கலாம். உயிரோடு இருப்பவர்களையும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். ஒருவரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை.

தேடி எடுத்தது என் மருமகள் ஷாமினி. ஜெரோமின் குடும்ப மரம் கீறுகிறாளாம். கெட்டவள் அல்ல. வாய் மூடத் தெரியாது. என்னைக் கேட்க முன் மெற்றில்டாவைக் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

மழையும் மண்ணும் சேர்ந்து யன்னல் கண்ணாடியில் சேறு. பிரஷர் குளிசை முடியப் போகிறது.

ஷாமினி கம்பியூட்டரோடு வந்தாள். பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கண்ணாடி போட்டு வாசித்தேன். அதில் உள்ளபடி:

மூன்றாம் மாடி, இடப் பக்கம்.
அவர், 50. குடும்பத் தலைவர். சமையலறை உதவி.
நான், 45. மனைவி. வீட்டு வேலை. (யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.)
மகன், 11. புதுநன்மை எடுத்தவர்.
மகள், 8. இன்னும் எடுக்கவில்லை.

"மாமி, இது ஆர்? அவருக்குத் தங்கச்சி இருந்ததெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. இருக்கிறாவோ, செத்திட்டாவோ?"

"சாகேல்லை."

"அப்ப எங்கை?"

அடுப்பில் பால் பொங்குது என்று எழும்பிப் போனேன். அடுப்பே மூட்டவில்லை. எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு பொய். மருமகளுக்குப் பயந்து சமையலறைக்குள் ஒளிந்து நின்றேன். என்னையே பிடிக்கவில்லை.

அந்தப் பிள்ளை சுகந்தி. என் மனுசனுடைய தங்கையின் மகள். தாயும் தகப்பனும் வன்னியில் ஒரே ஷெல்லில் போனார்கள். தங்கையின் மகள் என்று எழுதினால் இத்தாலிக்குள் விடமாட்டார்கள். மகள் என்று எழுதினார். பிறப்புச் சான்றிதழ் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் மகள், பள்ளிக்கூடத்தில் மகள். பிறகு சுவாமி புத்தகத்தோடு கதவில் நின்றார். பொலிசுக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று சொல்ல ஏலாது. அவர் சொன்னார், சுவாமி எழுதினார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தீர்த்தம் என் நெற்றியிலும் பட்டது.

வீட்டில் நான் போட்ட சட்டம்: கதவுக்கு உள்ளே மாமி, படியில் இறங்கினால் மம்மா. எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாளும் மாறிச் சொன்னதில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

ஒருசந்தி உபவாசம். தேத்தண்ணியும் பாணும்.

காலைப் பூசையில் மெற்றில்டா எனக்கு முன் வரிசை வாங்கில். நெற்றிச் சாம்பலை அழியாமல் காப்பாற்றுவதில் இருந்த கவனம் நாக்கில் இல்லை.

மத்தியானம் ஜெரோம் ஹோட்டல் வேலையிலிருந்து நேரே வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

"அம்மா, ஷாமினிக்கு ஒண்டும் சொல்லாதையுங்கோ."

"சொல்லாட்டி ஊருக்கு நான் பிள்ளையைக் கலைச்சவள்."

"சொன்னால் சுகந்திக்கு என்ன நடக்குமெண்டு யோசிச்சனீங்களோ? அவளின்ரை குடியுரிமை, பிள்ளையளின்ரை குடியுரிமை, எல்லாம் அந்தப் பேப்பரிலைதான் நிக்குது. மெற்றில்டா அன்ரிக்குச் சொன்னால் பக்கத்து ஊர் பகேரியா வரைக்கும் போகும்."

"என்ரை பேர்?"

"உங்கடை பேர்தான் எப்பவும்." பிறகு மெல்ல, "சொல்ல வெளிக்கிட்டால் அவள் ஏன் போனவள் எண்டதும் சொல்லவேணும், அம்மா."

போய்விட்டான். தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஏன் போனாள். ஒருவரும் வாசிக்காத கொப்பியில் கூட எழுதக் கை கூசுகிறது.

மாமன் மகன், அத்தை மகள். முறைக்கு மச்சாள். ஜெரோமுக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பத்தொன்பது. இந்த மேசையில் இருந்துதான் சொன்னான், சுகந்தியைத்தான் கட்டுவன் என்று. அவர் சந்தோஷப்பட்டார். ஒரு அவக்காத்தோ வக்கீலைப் பிடிப்போம், உண்மையைச் சொல்லிப் பேப்பரைத் திருத்துவோம் என்றார். நான் சொன்னேன்: "பேப்பரிலை உன்ரை தங்கச்சி. எந்தச் சுவாமி எழுதுவார்?"

நான் மறித்தது பேப்பருக்காக அல்ல. அவளுடைய தாய் விரும்பிக் கலியாணம் முடித்தவர், எங்கள் வீட்டில் சரிசமமாக இருத்திச் சாப்பாடு போடாத பகுதி. அவள் தகப்பனின் சாதி என் பேரப்பிள்ளைகளுக்கு வரக்கூடாது. அதுதான். அவர் சொன்ன பொய்யைப் பதினொரு வருடம் அருவருத்தவள், எனக்குத் தேவைப்பட்ட அன்று அதையே தூக்கிப் பிடித்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள்.

அடுத்த கிழமை சுகந்தி ஒரு பையோடு போனாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. படியில் நின்று, "போட்டு வாறன், மம்மா." படியில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

வெயில். விரிப்பு காய்ந்தது. குளிசை வாங்கியாயிற்று.

போர்கோ வெக்கியோ சந்தை. மீன் தண்ணீர் சப்பாத்துக்குள். மெற்றில்டா அங்கேயும்.

"ரீச்சர், சுகமோ? மகள் எங்கை இருக்கிறா இப்ப?"

"உம்மடை பைக்குள்ளை பூனை தலையை விடுது, மீனைப் பாரும்."

உண்மையாகவே விட்டது. மீன்காரன் பெரிதாகச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு வந்ததும் ஜெரோமுக்குப் போன் எடுத்தேன். சுகந்தியின் விலாசம் கேட்டேன். பொலோஞ்ஞா, தெரு, இலக்கம், தபால் இலக்கம், எல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். பார்த்துச் சொல்லவில்லை, மனப்பாடம்.

மார்ச் 7, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. கடிதம். இரண்டு தாள் கிழித்தேன். மூன்றாவதைத் தபாலில் போட்டாயிற்று. பிரதி:

சுகந்திக்கு,

நீ என்று எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதோ தெரியாது. அதனால் நீர்.

பழைய பங்குப் புத்தகத்தை எல்லாரும் பார்க்கத் திறந்து விட்டார்கள். அதில் நீர் என் மகள். ஷாமினியும் ஊரும் என்னைக் கேட்கிறார்கள். மகள் இல்லை என்று சொன்னால் என் பெயர் துப்புரவாகும், உமக்கும் உம்முடைய பிள்ளைகளுக்கும் கேடு. மகள் என்று சொன்னால், மகளைக் கலைத்தவள் நான். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் அல்ல.

முதல் தரம் உம்மை மகள் என்று எழுதியபோது உம்மைக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் அதை வைத்து உம்மை மறித்தபோதும் கேட்கவில்லை. இந்த முறை கேட்கிறேன். நீர் எதைச் சொல்லச் சொல்கிறீரோ அதைத்தான் சொல்வேன், கோவில் படியில் நின்று, உரத்து. அதுவரை வாய் திறக்க மாட்டேன்.

போன் வேண்டாம். இதுவரை உம்மைப் பற்றி நாங்கள்தான் எழுதினோம். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.