தேனீ தொடாத மெழுகு

ஜூன் 11, ஓஷ் நகரம்
இன்று நாற்பது டிகிரி. ஜன்னலோரம் வெயிலில் நிறுத்தி வைத்த லிப் பாம் ஆறில் ஒன்றுகூடச் சாயவில்லை. போன வருஷம் தேன்மெழுகில் செய்தது இதே வெயிலில் குழைந்து மூடியோடு வந்தது. இப்போது போட்டிருக்கும் செயற்கை மெழுகு வெள்ளை மணிகளாகச் சாக்கில் வருகிறது, வாசனையே கிடையாது. எட்டு மாதம் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தேன். நிற்கிறது.

ஜூன் 14
முதலாளி ரிஸ்பெக் லேபிள் காட்டினார். ‘தூய மலைத் தேன்மெழுகு’. தேனீ படம் வேறு.
“அண்ணே, இதுல தேனீ எங்க இருக்கு?”
“செயற்கைன்னு போட்டா எவ வாங்குவா? நீ கெமிஸ்ட், நீ போட்டாத்தான் சரக்கு வெளிய போகும். கையெழுத்தப் போடு பெர்மெத், வியாபாரத்த நான் பாத்துக்கறேன்.”
போடவில்லை. செயற்கை என்றால் என்ன, திருட்டுப் பொருளா? ஒளிப்பதற்கு?

ஜூன் 17
சோதனை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். இனி எனக்கு பேக்கிங். கையெழுத்துப் போடாதவள் ஒட்டட்டுமாம் — அதே லேபிளை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 18
பேக்கிங்கில் மூத்தவள் சாய்ரா அக்கா. “ஏண்டி, நேத்துலேருந்து புதுப்பொண்ணு மாதிரி குந்திக்கிட்டிருக்க?”
சொன்னேன். அவள் கை நின்றது. அவள் மகள் நூரைக்குத் தேன்மெழுகு ஆகாது.
“பட்டா உதடு எண்ணெயில போட்ட போர்சோக் கணக்கா உப்பிடும். நீ குடுத்ததத்தான இப்ப பூசுறா? இந்த லேபிள ஒட்டினா, கடையில அவ எத நம்பி எடுப்பா?”
லேபிள் சுருளை மேஜைக்கடியில் தள்ளினாள். மற்ற நாலு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 19
ரிஸ்பெக் வந்து கத்தினார். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம்.
சாய்ரா அக்கா டீ ஊற்றிக்கொண்டே, “அனுப்புங்க தம்பி. ஒட்டறதுக்கு உங்க மாமியாரக் கூட்டிட்டு வாங்க.”
எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பயம். வேலை போயிட்டா என்ன பண்ணுவேன்? போகட்டும். பொய்க்கு என் பேர் கிடையாது.

ஜூன் 20
இன்றும் யாரும் ஒட்டவில்லை.

ஜூன் 27
சாவி இன்னும் வரவில்லை. பேக்கிங் மேஜைதான். மதியம் ரிஸ்பெக்கே புது லேபிளின் மாதிரியைக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்தார். தேனீ இல்லை. ‘செயற்கை மெழுகு’ என்று அடி ஓரத்தில், எறும்பு மாதிரி.
“இப்பவாவது போடுவியா?”
“எழுத்து இன்னும் பெருசா வேணும் அண்ணே.”
தாளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.